டொமிஷியன் பெயரைக் கொத்தியவன்

பேரரசன் டொமிஷியனைக் குத்திக் கொன்று நாலு நாள்கூட ஆகவில்லை, ரோமில் உளிக்கு ஏகக் கிராக்கி. அவன் கட்டியதெல்லாம் இருக்கலாம், அவன் பெயர்தான் எங்கும் இருக்கக் கூடாது என்று செனட் சபை ஆணை போட்டுவிட்டது. மனுஷன் பதினைந்து வருஷமும் சும்மா இருந்தவனா? எரிந்த காபிடோல் கோயிலை எழுப்பினான், ஓட்டப்பந்தய மைதானம் கட்டினான், தெருவுக்குத் தெரு வளைவு நிறுத்தினான். பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தால்கூட முதலில் கட்டியவன் பெயரைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். இப்போது அவன் முறை.

அந்தப் பெயர்களில் பாதியைக் கல்லில் வெட்டியவன் ஹெர்மெரோஸ். இடது கைக்காரன். அரண்மனை அடிமையாக இருந்தவன். காபிடோல் எழுத்து அழகாக வந்ததில் மகிழ்ந்து, அவனையும் மனைவி லைக்கோரிஸையும் டொமிஷியன் விடுதலை செய்தான். இன்று சாரத்தில் ஏறி அதே எழுத்தைக் கொத்தி எடுப்பதும் ஹெர்மெரோஸ்தான்.

"நல்லாப் போடுய்யா! அந்த மொட்டையன் மண்டையிலயே போடு!" என்று கீழே ஒரு மீன்காரி கத்தினாள்.

"இந்தா வாங்கிக்கடா!" என்று ஹெர்மெரோஸும் கத்தி, ஓங்கி ஒரு அடி போட்டான். கூட்டம் சிரித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இன்னொரு முறை கத்தினான்.

மத்தியானம் ரொட்டி தின்னும்போது கூட்டாளி ருஃபியோ மெல்ல ஆரம்பித்தான்.

"ஏண்ணே, உங்க சமாதிக் கல்லுலயும் அந்தாளு பேரு இருக்குல்ல?"

"இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்."

அந்தச் 'சும்மா' சும்மா இல்லை என்று ஹெர்மெரோஸுக்குப் பட்டது. ஊர் வழக்கப்படி அவன் உயிரோடிருக்கும்போதே சாலையோரம் சமாதி கட்டிவைத்திருந்தான். மேல் வரியில் அவன் பெயர். கீழ் வரியில் 'மனைவி லைக்கோரிஸ்'. அதே வரியில் அடுத்தாற்போல், இருவரையும் விடுதலை செய்த டொமிஷியன் பெயர். லைக்கோரிஸ் இரண்டு வருஷத்துக்கு முன்பே அதற்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே உளியோடு போனான். யாராவது வருகிறார்களா என்று சாலையைப் பார்த்துப் பார்த்தே கொத்தினான். அவசரத்தில் கல் பொரிந்தது. டொமிஷியனோடு சேர்ந்து கீழ் வரி முழுவதும் பெயர்ந்து விழுந்தது. ஒரு துண்டில் அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. அதை எடுக்கக்கூடக் கை வராமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டான். சரிசெய்ய வேண்டும் என்று தினமும் நினைப்பான். அந்தச் சாலைப் பக்கம் கால் போகாது.

பிப்ரவரியில் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள் வந்தது. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் பிரிமிலா வயலட் பூவும் மதுவில் நனைத்த ரொட்டியும் கொண்டு வந்தாள். போகிற வழியெல்லாம் ஹெர்மெரோஸ் கல்லைக் கல்லாகப் பார்த்தான். டொமிஷியன் விடுதலை செய்தவர்களின் சமாதிகள் அப்படியே இருந்தன. ஒருத்தனும் தொடவில்லை. ருஃபியோவின் அப்பன் கல்லில்கூட அந்தப் பெயர் பளிச்சென்று இருந்தது. அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"ஐயோ, அம்மா பேரு எங்கப்பா? எந்த நாசமாப் போறவன் பண்ணான் இதை?"

"சிப்பாய்ங்களா இருக்கும்மா. ஊரே வெறி புடிச்சுக் கெடந்துச்சுல்ல."

அவள் அழுதுகொண்டே காயம்பட்ட இடத்தைத் தடவினாள். தடவிய விரல் நின்றது. அப்பாவின் காலடியில் கல்தூசியில் விளையாடி வளர்ந்தவள் அவள். கொத்திய தடமெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள்.

அந்தச் சமயம் ஒரு வழிப்போக்கர் நின்றார். சமாதியில் இருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போவது அங்கே மரியாதை.

"ஹெர்மெரோஸ்," என்று அவர் சத்தமாகப் படித்தார். "அவ்வளவுதானா? தனக்கு மட்டும் கட்டிக்கிட்டான் போல. யாரும்மா இது, உன் சொந்தமா?"

பிரிமிலா ரொட்டியைக் கல்லின் அடியில் வைத்தாள்.

"தெரியாதுங்க," என்றாள். "நான் எங்கம்மாவப் பாக்க வந்தேன். அவங்க பேரு லைக்கோரிஸ்."

"லைக்கோரிஸ்," என்று அவர் சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார். பக்கத்தில் நின்ற ஹெர்மெரோஸ் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.