இருபது வேட்டிச் சட்டை

"இன்னும் ஓங்கிப் போடுலே. அவனுவ இப்பிடியா தடவிக் குடுப்பானுவ?"

சந்திரலேகா சொல்லி வாய் மூடுவதற்குள் சக்திகுமார் அரிவாளை இறக்கினான். மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் தொங்கிய சட்டை அதிர்ந்து சுழன்றது. அதற்குள் ஒரு பூசணிக்காயைக் கட்டிவைத்திருந்தாள். போன வாரம் இதே வெட்டுக்குக் காய் இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. இன்று மேல்துணி மட்டும் வாயைப் பிளந்து பஞ்சைக் காட்டியது. காயில் கன்றிய கோடு ஒன்று, அவ்வளவுதான்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம அதுவுமா மெத்தயப் போட்டு அடிச்சினுகீற?" கீழேயிருந்து வீட்டுக்கார அன்னபுஷ்பம்.

"மூட்டப்பூச்சிக்கா."

அக்காளும் தம்பியும் தெற்கத்திக்காரர்கள். சென்னைப் பக்கம் பென்னலூரில் அறை எடுத்திருந்தார்கள். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி லைனில் அவளுக்கு வேலை, பக்கத்துக் கம்பெனியில் தம்பிக்கு. லீவு நாளில் அவள் தைப்பது வேறு. ரோமாபுரி அங்கி, ஜப்பான் கிமோனோ, பிரெஞ்சுச் சீமாட்டியின் குடைப்பாவாடை. தைத்துப் போட்டுக்கொண்டு மாடியில் நின்று படம் எடுப்பாள். லைன் பெண்கள் அவளை மகாராணி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படித் தேடும்போதுதான் தெரிந்தது, இரும்பு வாங்க வக்கில்லாத சிப்பாய்கள் துணியை அடுக்கித் தைத்துக் கவசமாகப் போட்டார்கள் என்று. மெக்சிகோவில் அதை உப்புத்தண்ணீரில் ஊறவைத்தார்களாம். படித்ததும் தம்பியின் முதுகுதான் அவள் கண்ணுக்குள் வந்தது.

ஊரில் போன கொடைத் திருவிழாவில் அண்ணன் காசிராஜனைக் கோயில் வாசலிலேயே வைத்துப் பகையாளிகள் வெட்டிக் கொன்றார்கள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பிறழ்சாட்சியாகிவிட, மிச்சம் இருந்த சாட்சி சக்தி ஒருவன்தான். கோர்ட்டில் அவன் வாயைத் திறக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அண்ணன் கட்டிய வேட்டிகளோடு கடையில் வாங்கியவற்றையும் சேர்த்து இருபதை அடுக்கி, நடுநடுவே பஞ்சு வைத்து, சீட்டு உறை தைக்கும் தடித்த நூலால் கட்டம் கட்டமாகத் தைத்து, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினாள். ஊசி எத்தனையோ முறை அவள் உள்ளங்கையில் இறங்கியது.

கம்பெனிச் சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு சக்தி முனகினான். "வெட்டுக்கு முந்தி வெந்தே செத்துருவேங்க்கா."

அந்தப் பகையாளிகள் ஒருநாள் சுங்குவார்சத்திரத்துக்கே தேடி வந்தார்கள். ஷிப்ட் விட்ட கூட்டம். பாண்டுரங்கன் டீக்கடையில் அக்காளும் தம்பியும் நின்றிருந்தபோது பைக் உரசி நின்றது. இரண்டு பேர், முகத்தில் துண்டு. முதல் வெட்டு முதுகில் விழுந்தது. உமி மூட்டையில் உலக்கை இறங்கிய சத்தம். சக்தி மண்டியிட்டான். அடுத்தது தோளில். ரத்தம் வரவில்லை, பஞ்சு பறந்தது. வெட்டியவன் அரிவாளைத் திருப்பி அதன் கூர்மையைப் பார்த்தான்.

அந்த ஒரு மூச்சு போதுமாக இருந்தது. கொதிக்கும் பால் சட்டியைத் தூக்கி அவன் மார்பில் கொட்டினான் சக்தி. விழுந்தவனிடமிருந்து அரிவாளைப் பிடுங்கி அவன் தோளில் ஒன்று போட்டான். அவன் கும்பிட்டான். கும்பிட்ட கையிலும் போட்டான். மணிக்கட்டு தொங்கியது. "போதும்லே" என்று சந்திரலேகா தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டு மறுபடி வெட்டினான். கூட வந்தவன் வெட்டுப்பட்டவனைப் பைக்கில் வாரிப் போட்டுக்கொண்டு பறந்தான்.

தற்காப்புக்குத்தான் என்று போலீசிடம் பாண்டுரங்கன் அடித்துச் சொன்னார். கும்பிட்ட கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. சந்திரலேகாவும் சொல்லவில்லை.

அறைக்கு வந்தும் சக்தி சட்டையைக் கழற்றவில்லை. கண்ணாடியில் தோள் கிழிசலைத் தடவித் தடவிப் பார்த்தான். அண்ணன் போனபின் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. இப்போது சிரித்தான்.

"எக்கா, கையும் கழுத்தும் வச்சுத் தச்சுக் குடு. விடிய ஊருக்குப் போறேன்."

"கோர்ட்டுக்கு இன்னும் நாள் கெடக்கேலே."

"கோர்ட்டு எதுக்கு? அதான் இது இருக்குல்லா."

அளவு கொடுப்பவன்போல இரண்டு கையையும் விரித்து நின்றான். அவள் பின்னால் மண்டியிட்டாள். கிழிசலுக்குள் அண்ணனுடைய வேட்டியின் பச்சைக் கரை தெரிந்தது. ஒரு கையில் நூல் கோத்த ஊசி, மறு கையில் கத்தரி. தைத்தால் அவன் கொல்லப் போகிறான். சட்டையை வெட்டிப் போட்டாலோ, வெறும் உடம்போடு போய் வெட்டுப்படுகிறவன்தான் அவன். நீங்களே சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எந்தக் கையை நீட்டியிருப்பீர்கள்?