ரீச்சருக்கு வந்த நெல்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் என் மகள் மதலேனா. யாழ்ப்பாணத்தில் படித்து முடித்து வந்தபோது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. நேர்முகப் பரீட்சைக்குப் போகவும் வழியில்லை. நான் நறுவிலிக்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் மூப்பர். பட்டதாரி மகள் வீட்டில் சும்மா இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனங்களின் கொட்டில் பள்ளியில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சம்பளம் இல்லை. பள்ளி நடந்தால் சேவைக்காலம் சேரும். என்றாவது நியமனம் கொடுத்தால் அதைத்தான் பார்ப்பார்கள்.

காலபோக நெல் அறுவடை முடிந்ததும், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் செல்லாயி தலையில் நெல் மூட்டையோடு எங்கள் வாசல் படலைக்கு வந்தாள்.

“டீச்சருக்குங்க. எல்லா வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தோம்.”

“எங்கடை வீட்டிலை குடுத்துத்தான் பழக்கம். கொண்டு போ.”

கூலிக்கு வயலில் அரிவு வெட்டும் சனத்திடம் நான் கைநீட்டுவதில்லை. அதில் இன்றும் பிழை காணவில்லை.

அடுத்த திங்கள் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மதலேனா வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

“தங்கடை கையாலை நாங்கள் வாங்கமாட்டம் எண்டு அந்தச் சனம் கதைக்கினம், அப்பா. அதாலைதான் பிள்ளையளை அனுப்பேல்லை.”

“நான் அப்பிடி நினைக்கேல்லை.”

“நீங்கள் நினைச்சதை ஆர் கண்டது? பள்ளி மூடினால் நான் படிப்பிச்ச காலமெல்லாம் போச்சு.”

இலுப்பைக்கடவைப் பக்கம் ஷெல் விழும் சத்தம் கேட்டது. இருவரும் எழும்பவில்லை.

மறுநாள் காலை வாய்க்காலைக் கடந்து போனேன். முற்றத்தில் நின்ற செல்லாயி என்னை இருக்கச் சொல்லவில்லை.

“அந்த நெல்லை வாங்க வந்தனான்.”

“எங்க கை நெல்லு உங்களுக்கு ஆகாதேங்க.”

“அப்பிடியில்லை. உழைச்சுச் சாப்பிடுற சனத்திட்டை வாங்கக் கூச்சம்.”

“அப்ப டீச்சரம்மா உழைக்கலீங்களா?”

அவள் உள்ளே கை காட்டினாள்.

“கட்டினபடியே இருக்கு. ஒரு தடவை நாங்க சுமந்துட்டோம். இனி நீங்க தூக்கிட்டுப் போங்க.”

வண்டில் அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.

வாய்க்கால் கரையில் எங்கள் ஊர் சின்னராசா சைக்கிளை நிறுத்தினான்.

“என்ன மூப்பர், பட்டதாரி வீட்டிலை அரிசிக்குப் பஞ்சமோ?”

“என்ரை மகளின்ரை சம்பளம்,” என்றேன்.

சாக்கு கழுத்தை உராய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். சில பிள்ளைகள் பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். செல்லாயியின் பிள்ளையைத் தேடினேன், காணவில்லை.