முப்பத்தொன்றாவது ஆள்

வரிசைக்கு வரிசை ஆள் சமமாக நிற்க வேண்டும், ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் குடும்பப் படமே வேண்டாம் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். புகைப்படக்காரர் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொரு பேர்.

உயரப்படி மூன்று வரிசையாக, பத்துப் பத்துப் பேரை நிறுத்தினார். எல்லாரையும்விட உயரமான மூத்த மாப்பிள்ளை மிஞ்சினார். ஐந்து வரிசையாக மாற்றினார். அப்போதும் மாப்பிள்ளைதான் மிஞ்சினார். வெறும் இரண்டு வரிசை போட்டும், இஸ்திரி கலையாத சட்டையோடு அதே மனிதர் சுவரோரம் நின்றார்.

"கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. இன்னும் இந்த வீட்டுல எனக்கு ஒரு இடம் இல்ல" என்று மூக்கு விடைக்க வாசலை நோக்கி நடந்தார்.

புகைப்படக்காரர் ஓடிப்போய் மறித்தார். "உங்க மேல குத்தமில்லீங்க. முப்பத்தொண்ணு பகா எண். எப்படி வகுத்தாலும் மீதி நிக்கும். உயரமா பொறந்ததால அந்த மீதி உங்க தலையில விழுது."

"அப்ப படம்?" என்றார் மாமியார்.

வேறு வழியில்லாமல் கேமராவில் பத்து விநாடி டைமரை வைத்துவிட்டு, புகைப்படக்காரரே மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முப்பத்திரண்டு பேர், நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு.

மறுவாரம் அவர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் மாமியார் முகம் சுளித்தார். "மாப்பிள்ள, நம்ம குடும்பப் படத்துல இவர் எதுக்கு? வெட்டி எடுத்துடச் சொல்லவா?"

"இருக்கட்டும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. "இந்த வீட்டுல எனக்கு இடம் பிடிச்சுக் கொடுத்த ஒரே சொந்தக்காரர் அவர்தான்."