கண்ணாடிக்குப் பின்னால்

பிரசவ அறைச் சுவரிலிருந்து ஒரு டைல் பெயர்ந்து விழுந்த நாளிலிருந்து, பச்சைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தொட்டியை நோரா சுவரோரம் வைப்பதில்லை. அன்று பிள்ளையைத் துவட்டித் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டுத் திரும்பியிருந்தாள். தொட்டித் தண்ணீருக்குள் டைல் பொத்தென்று விழுந்தது. அரை நிமிஷம் முந்தியிருந்தால் என்பதை அவள் யாரிடமும் சொல்லி முடித்ததில்லை.

விவேக் நகரில் பத்துக் கட்டில்கள் கொண்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள்தான் தலைமை நர்ஸ். சுவர் முழுவதையும் உடைத்துப் புதிதாக ஒட்டச் சொன்னாள். புதன்கிழமை அறையைத் திறப்பதாகப் பேச்சு. அதற்குள், இனி ஒன்றுகூட விழாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒரு தாயையும் உள்ளே விடுவதாக இல்லை.

டைல் வேலைக்குப் பொம்மனஹள்ளியிலிருந்து உத்தமன் வந்தான். அது 1998. சிமெண்டுக் குழம்புக்குப் பதிலாக, தண்ணீரில் குழைக்கும் ஒட்டுப்பொடி மூட்டைகள் கடைகளில் தென்படத் தொடங்கியிருந்த சமயம். வெள்ளிக்கிழமை மூன்று வரிசை ஒட்டிவிட்டுப் போனான். சனிக்கிழமை காலை அவன் வந்தபோது, நோரா பீரோச் சாவியால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் கெட்டியாகக் கேட்ட சத்தம் கொஞ்சம் தள்ளித் தட்டும்போது பொள்ளலாக மாறியது.

"இன்னா சிஸ்டர், கதவு மாதிரி தட்டுறீங்க? உள்ள யாரும் இல்ல."

"அதான் பிரச்சினை மேஸ்திரி. உள்ள ஒண்ணுமே இல்ல."

"நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவுல ஒண்ணு. வெச்சு அமுக்குனா லெவல் தானா வந்துடும். பதினாலு வருஷமா இப்படித்தான் ஒட்டுறேன்."

நோரா அலமாரியைத் திறந்து, அன்று விழுந்த டைலை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினாள். அதன் முதுகில் காய்ந்த சிமெண்டு ஐந்து வட்டங்களாக இருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு போலச் சுத்தம்.

"அது சிமெண்டு சிஸ்டர். இது கம்மு. யானையவே ஒட்டலாம்."

"யானைய ஒட்டி நான் என்ன பண்ணப்போறேன்? ஒண்ணக் கழட்டுங்க, பார்ப்போம்."

உளியை விட்டு லேசாக நெம்பினான். டைல் கையோடு வந்தது. முதுகில் ஐந்து வட்டங்கள். அவன் இரண்டு டைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு பையைத் துழாவி, மூட்டையோடு கடைக்காரர் கொடுத்த, ஓரத்தில் சீப்பு போலப் பல் வெட்டிய பல்லுக் கரண்டியை வெளியே எடுத்தான். அதுவரை அதை அவன் தொட்டதில்லை.

கலவையைச் சுவரில் பூசி, கரண்டியை அரைவட்டம் அரைவட்டமாகச் சுழற்றினான். பற்கள் இழுத்த வரப்புகள் மயில் தோகை விரித்தது போல அழகாக இருந்தன. டைலை அழுத்தி வைத்து, உடனே பிரித்தெடுத்தான். அப்படியும் முதுகில் தோசையில் விழுவது போல ஓட்டைகள்.

"எல்லா இடத்துலயும்தானே போட்டேன்! எங்க போச்சு?"

டைல் மறைத்துக்கொண்டிருந்ததால் இருவருக்கும் தெரியவில்லை. நோரா மருந்து அலமாரியின் கண்ணாடித் தட்டை உருவினாள்.

"இத ஒட்டுங்க மேஸ்திரி. உள்ள என்னதான் நடக்குதுன்னு பார்த்துடலாம்."

"ஒடஞ்சா என்னைக் கேக்கக்கூடாது."

அரைவட்டங்களின் மேல் கண்ணாடியை வைத்து அழுத்தினான். வளைந்த வரப்புகள் நசுங்கி ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொண்டன. நடுவில் காற்று மாட்டிக்கொண்டது. அவன் அழுத்த அழுத்த அது குளத்தில் அகப்பட்ட மீனைப் போல இங்கும் அங்கும் ஓடியது. வெளியேற மட்டும் முடியவில்லை. ஊசி போடுவதற்கு முன் சிரிஞ்சை நிமிர்த்திக் காற்றை வெளியே தள்ளுவது இருபது வருஷமாக நோராவின் கைக்குப் பழக்கம். இங்கே தள்ளுவதற்கு வாய் இல்லை.

"காத்துக்குப் போற வழிய நாமளே அடைச்சுட்டோம்" என்றாள்.

உத்தமன் எல்லாவற்றையும் வழித்தெடுத்தான். மறுபடி பூசி, இந்தத் தடவை தலை வாருவது போல, ஒரே திசையில் பக்கவாட்டு நேர்கோடுகளாக இழுத்தான். கண்ணாடியை வைத்து, கோடுகளுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக மெல்ல அசைத்தான்.

வரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. பள்ளங்கள் நிரம்பின. காற்று கோடுகளின் வழியே ஓரத்துக்கு ஓடி, சின்னச் சின்ன முணுமுணுப்போடு வெளியேறியது. கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறம் நாலு பக்கமிருந்தும் பரவிச் சேர்ந்து, ஒரே பரப்பாக நின்றது. எங்கும் ஒரு புள்ளி இல்லை.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இன்னொரு தடவ" என்றாள் நோரா, குரல் இறங்கி.

செய்தான். மூன்றாவது தடவை அவள் கேட்காமலே செய்தான். ஒவ்வொரு தடவையும் இருவரும் முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார்கள்.

"பதினாலு வருஷமா சிஸ்டர், முன்பக்கத்த மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்றான் உத்தமன். பிறகு உளியை எடுத்து, அவள் சொல்வதற்கு முன்பே தன் மூன்று வரிசையையும் பெயர்த்துப் போட்டான்.

திங்கள் மாலை வரை ஒட்டினான். டைலின் முதுகிலும் மெல்லிசாகக் கலவை தடவி வைத்தான். மூலையில் வெட்டி வைத்த இரண்டு துண்டுகள் மேல் சந்தேகம் வந்து, அவனே பிரித்து மறுபடி ஒட்டினான்.

புதன்கிழமை விடிந்ததும் நோரா சாவியோடு வந்தாள். கீழ் வரிசையில் ஆரம்பித்து, ஸ்டூல் மேல் ஏறி, கடைசி டைல் வரை தட்டினாள். மூலை, நடு, ஓரம் எல்லாம் ஒரே சத்தம். பாறையைத் தட்டுவது போல இருந்தது.

அன்று மத்தியானம் தொம்மலூரிலிருந்து வந்த இளவேனிலுக்குப் பெண் பிறந்தது. நோரா தொட்டியைக் காலால் தள்ளிச் சுவரோரம் சேர்த்தாள். பிள்ளை கையைக் காலை உதறியதில் தண்ணீர் தெறித்து, டைல்களின் மேல் நேர்கோடாக வழிந்தது. நோரா குனிந்து அதன் கழுத்து மடிப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.