பதினாலாம் நம்பர்

டயர் கடைக்கு மேல்மாடியில் ஆங்கில வகுப்பு. வாரத்தில் மூன்று மாலைகள். ஓராண்டு போனேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், பட்டப்படிப்பே அதில்தான். வகுப்பில் சேர்ந்தது என் மனைவி.

அவள் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருந்தாள். ரிசப்ஷனுக்கு மாற வேண்டுமானால் ஆங்கிலம் பேச வேண்டும் என்றார்கள். நானே சொல்லித் தருகிறேன் என்றேன். "உங்ககிட்ட கத்துக்கிட்டா இங்கிலீஷ் வராது, சண்டைதான் வரும்" என்று சொல்லி அங்கே பெயர் கொடுத்தாள். இரண்டாம் வாரம் வகுப்பு முடிந்து சாலையைக் கடக்கும்போது லாரி மோதியது. கைப்பேசியும் அவளோடு நசுங்கியது.

வீட்டில் அவள் குரல் எங்கும் இல்லை. கல்யாண வீடியோ முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அவள் வாய் அசைகிறது, அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வாரம் ஒவ்வொருவரையும் ஒரு பாடம் வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வார்கள். ஆண்டு முடிவில் அதே பாடத்தை மறுபடி வாசிக்க வேண்டும். கடைசி நாளில் இரண்டையும் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டிவிட்டு அழித்துவிடுவார்கள். "என் மானம் போற அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

இடத்தை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். போய் உட்கார்ந்தேன். அவள் நாற்காலி, அவள் எண். பதினான்குக்குத்தான் ஏற்கெனவே பதிவு இருக்கிறதே என்று என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அக்கா மட்டும், "எழவு வீட்டுலேர்ந்து எழுந்து நேரா கிளாசுக்கா? பார்க்கிறவங்க என்னடா பேசுவாங்க?" என்றாள்.

ஆசிரியையிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பதிவை மறுநாளே கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டு முடித்தால் தீர்ந்துவிடும். அதுவரை அவள் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி.

வளர்ந்தவர்கள் உட்கார்ந்து, பழம் என்ன நிறம், கடை எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பக்கத்து நாற்காலியில் ஒரு மெக்கானிக்; எல்லோருக்கும் அவர் ஸ்பேனர். என் விடையைப் பார்த்து எழுதிவிட்டு, "தெரிஞ்சவரு எதுக்கு சார் இங்க வந்து எங்க மானத்தை வாங்குறீங்க?" என்பார். பிறர் வாசிக்கும்போது தவறுகளை விரல் மடக்கி எண்ணுவார். நான் யார் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். ஆசிரியை பேச்சை நிறுத்திக்கொள்வார். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதை ஓராண்டு பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கடைசி நாள், மேசையில் ஸ்பீக்கர். எனக்கு முந்தைய எண் மருந்துக்கடைப் பெண். தன் பழைய வாசிப்பைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்து நான். வேண்டுமானால் இதை விட்டுவிடலாம் என்றார் ஆசிரியை. போடுங்கள் என்றேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போகிறது என்ற முதல் வரியை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை. இரண்டாம் வரியில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. அவள் நிறுத்தவில்லை. முதல் வாரம்; நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்காது. மீதிப் பாடம் முழுக்க அந்த இரைச்சல்தான். ஸ்பேனரின் விரல்கள் மடங்கவில்லை.

இரைச்சல் நின்றது.

"ஐயோ, எதுவும் காதுல விழுந்திருக்காதே. மறுபடி முதல்லேர்ந்து வரட்டுமா மிஸ்?"

அது அவள் குரல்.

"வேண்டாம்மா, போதும். அடுத்தவங்க வாங்க" என்றது ஆசிரியையின் குரல்.

பிறகு போன வாரம் எடுத்த என் பதிவு ஓடியது. கம்ப்ரசர் இல்லை. ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டது. ஸ்பேனர் சுவரைப் பார்த்தபடி, "அந்தம்மா வாசிச்சதுல தப்பு ஒண்ணும் இல்ல மிஸ், எழுதிக்கோங்க" என்றார்.

ஆசிரியை அதை அழிக்காமல் என் கைப்பேசிக்கு அனுப்பினார். அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். இரைச்சலிலேயே, "என்னடா இது, காது போகுது, நிறுத்து" என்றாள். நிறுத்திவிட்டேன்.

வேலைக்குப் போகும் வழியில்தான் டயர் கடை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் அது அடங்கும்வரை நிற்கிறேன். அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம்.