பதிமூன்றடி ஐந்தேகால்

கிரேன் சங்கிலியில் தொங்கிய சேஸ் காற்றில் மெல்லத் திரும்பியது. அதன் முனை ஷெட் கதவில் இடிக்காமல் வெல்டர் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். பழைய வேன் ஒன்றின் அடிச்சட்டம். முன்பக்கம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், சுருள் ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் அதனுடனே. பழைய லாரி மூக்கியின் உடம்பை இதன் மேல் தூக்கி வைத்தால் கார் மாதிரி ஓடும்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்," என்றார் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்காரர். வேறு ஒரு ஆள் இதற்காகக் காத்திருக்கிறாராம். "உங்க அண்ணன் சரின்னா வெச்சுக்குங்க. இல்லேன்னா வந்து தூக்கிட்டுப் போயிடறேன்." சங்கிலியைக் கழற்றிக்கொண்டே குரலை இறக்கினார். "எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

ஷெட்டுக்குள் நான்கு தாங்கிகள் மேல் மூக்கியின் சொந்தச் சேஸ் கிடந்தது. நீளமான முன்மூக்கு வைத்த அந்தக் கால லாரி என்பதால் அண்ணன் அதற்கு வைத்த பெயர் மூக்கி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து முதன்முதலில் வாங்கிய வண்டி. குறுக்கே ஒரே இரும்புக் கட்டையாக முன் ஆக்சில். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து குதிக்கும். நாலு மணி நேரம் ஓட்டினால் இறங்கிய பிறகும் தாடை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்திலேயே அண்ணன் குறட்டை விட்டுத் தூங்குவார்.

அந்தக் கட்டை ஆக்சில் இப்போது சுவரோரம் எண்ணெய் பூசிக் காத்திருந்தது. சேஸின் இடது முனை பின்னால் தள்ளி வளைந்திருந்தது. அந்த வளைவை வெல்டர் நேராகப் பார்ப்பதில்லை.

பத்தொன்பது வயதில் அவர் செய்த வளைவு அது. லைசென்ஸ் கிடையாது. அண்ணன் பக்கத்தில் தூங்க, ஒரு பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதினார். அண்ணன் விழித்தார், ரத்தம் வருகிறதா என்று தம்பியின் தலையைத் தடவிப் பார்த்தார், பிறகு அவரைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்தபோது ஓட்டியது அண்ணன்தான். லைசென்ஸ் மூன்று வருடம் போனது. வண்டியை ஓடுகிற அளவுக்குத் தானே சரிபண்ணிக் கூலி டிரைவரிடம் விட்டுவிட்டு, மூன்று வருடமும் சந்தையில் மூட்டை தூக்கினார். வலது தோள் அப்போது இறங்கியதுதான், அப்புறம் ஏறவில்லை.

தம்பிக்கு அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. கப்பல் கட்டும் இடத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனவர் பதினொரு வருடம் கழித்துத்தான் திரும்பினார். அதற்குள் மூக்கியை விற்றாகிவிட்டது.

இரண்டு வருடம் முன்பு யார்டில் ஒரு புதருக்குள் அண்ணன் அதைக் கண்டுபிடித்தார். வளைவை வைத்துத்தான் அடையாளம் தெரிந்ததாம். போனில் "மூக்கிடா" என்றார்.

அன்றிலிருந்து ஒரே சண்டை. இந்தச் சேஸில் ஆக்சில் நேராக உட்காராது, வண்டி இடது பக்கம் இழுக்கும், வேற சேஸ் போடலாம் என்பார் வெல்டர். உட்காரும் என்பார் அண்ணன்.

"எப்படி உக்காரும்? அரை அங்குலம் பின்னாடி போயிருக்கே."

"அளந்தியா?"

"கண்ணுக்கே தெரியுது."

"உன் கண்ணு வெல்டிங் வெளிச்சத்துல வெந்த கண்ணு. அதை வெச்சு என்கிட்ட பேசாதே."

அளப்பதில் அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவர் அளந்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது. அண்ணன் அளந்து சேஸின் வலது பக்க இரும்பில் எழுதுவார், தம்பி தனியாக அளந்து இடது இரும்பில் எழுதுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் துளை போடுவது. முன்கூட்டியே எண்ணைக் கேட்டுவிட்டால் டேப்பிலும் அதே எண்தான் தெரியும் என்பது அண்ணன் கட்சி. இந்தச் சேஸை மட்டும் வெல்டர் ஒருநாளும் அளக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் அண்ணன் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். முப்பது வருடமாக வண்டி வேலையில் சுவாசித்த பிரேக் தூசி நெஞ்சுக்குள் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. அண்ணி காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்ததைப் பார்த்து, வெந்நீர் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனாள்.

"வந்துடுச்சா உன் கார்?" என்றார் அண்ணன்.

"வந்துடுச்சு. நீ சரின்னு சொன்னா நாளைக்கே மூக்கியைத் தூக்கி வெச்சுடலாம்."

அண்ணன் கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டார். வெல்டருக்கு வேண்டியது அந்த ஒரு 'சரி'. அது கிடைத்தால் வளைந்த இரும்பை வெட்டி யார்டுக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு அப்புறம் அது அவர் ஷெட்டில் கிடக்காது.

"அண்ணே, அன்னிக்கு ஓட்டினது நான்தான்னு அண்ணிகிட்ட சொல்லிடட்டா?"

"எதுக்கு? இத்தனை வருஷம் கழிச்சு அவ உனக்குச் சோறு போடாம விடவா?" சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "வலது இரும்புல உள்பக்கம் என் அளவு இருக்கு. கொத்தி வெச்சிருக்கேன். நீ அளக்காம அதைப் பாக்காதே."

"எப்போ அளந்தே?"

அண்ணன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து வெல்டர் போர்வையை இழுத்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் சிலிண்டர் சீறியபடி இருந்தது. அண்ணிதான் எழுந்து போய் அதை மூடினாள். சக்கரத்து நட்டை முறுக்குவது போல, தேவைக்கு மேலேயே முறுக்கினாள்.

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் வந்து போனார்கள். கூன் விழுந்த சந்தைக்காரர் ஒருவர் வெல்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடம் எங்களோடு மூட்டை தூக்கினாரே, லைசென்ஸ் போனதைப் பற்றி ஒரு நாள் புலம்பியிருப்பாரா என்று கேட்டார். வெல்டர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கே தெரியவில்லை.

நாலு மணிக்கு ஷெட்டுக்குப் போய் டேப்பை எடுத்தார். இந்த நீளத்துக்கு அதை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது. முனையை ஆணியில் மாட்டினார், நழுவியது. கயிற்றால் கட்டினார், தொய்ந்தது. மூன்றாவது தடவை நழுவியபோது வாசலில் அண்ணி டீயோடு நின்றிருந்தாள். டம்ளரை வேன் சேஸின் மேல் வைத்துவிட்டு, கேட்காமலே டேப்பின் முனையை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வைக்கணும்?"

"பின்னாடி, வலது பக்கம், ஸ்பிரிங் மாட்டற துளையில. நடுவுல."

அவள் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அவர் முன்பக்கம் இடது துளைக்கு வந்தார். டேப்பை இழுத்துக்கொண்டே, இரும்பைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணி, அன்னிக்கு வண்டி ஓட்டினது அண்ணன் இல்லை. நான்."

"தெரியும்."

டேப் கையில் தளர்ந்தது.

"அண்ணன் சொன்னாரா?"

"அவரா சொல்வாரு? பாலத்துக்கு நான் வந்து பாத்தேனே. டிரைவர் சீட்டுல போர்வையை நாலா மடிச்சுப் போட்டிருந்துச்சு. ரோடு தெரியணும்னா உனக்குத்தானே போர்வை வேணும். அவர் உக்காந்தா தலை கூரையில இடிக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "போலீஸ் பாக்கறதுக்குள்ள நான்தான் எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். இழுத்துப் பிடி, தொங்குது."

இழுத்துப் பிடித்தார். பதிமூன்றடி ஐந்தேகால் அங்குலம். இடது இரும்பில் சாக்கட்டியால் எழுதினார்.

பிறகு பக்கம் மாறினார்கள். அவள் பின்னால் இடது, அவர் முன்னால் வலது. இடது முனை பின்னால் போயிருப்பதால் இந்தக் குறுக்களவு அரை அங்குலமாவது வித்தியாசப்பட வேண்டும். பதிமூன்றடி ஐந்தேகால் என்றது டேப். முனையைச் சரியாகப் பிடிக்கச் சொன்னார். சரியாகத்தான் பிடித்திருக்கிறேன் என்றாள். திரும்ப இழுத்தார். அதே ஐந்தேகால்.

இடது பக்கம் போய்க் குனிந்தார். ஸ்பிரிங் மாட்டும் இரும்புப் பிடியைச் சுற்றி முப்பது வருடக் கிரீஸ் கல்லாகி இருந்தது. சுரண்டினார். பிடிக்குப் பின்னால் நான்கு பழைய துளைகள், வெல்டிங் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அரை அங்குலம் முன்னால் புதுத் துளைகள் போட்டுப் பிடியை நகர்த்தி மாட்டியிருந்தது. வளைவை அப்படியே விட்டுவிட்டு, ஆக்சில் உட்காரும் இடத்தை மட்டும் நேராக்கியிருந்தார்.

வெல்டிங் மகா மோசம். கோழி எச்சம் போட்டதுபோல் அங்கங்கே குவிந்து, ஓரத்தில் பிடிக்காமல். எந்த வேலையும் தெரிந்த அண்ணனுக்கு வெல்டிங் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதைத் தம்பிதான் செய்வார். தம்பி கப்பல் கட்டும் இடத்துக்குப் போன பிறகு அண்ணன் ஒற்றை ஆளாகச் செய்த வேலை இது.

வலது பக்கம் வந்து, உள்பக்கம் கையை விட்டுத் துடைத்தார். உளியால் கொத்திய எண் முதலில் விரலுக்குத்தான் தெரிந்தது. பதிமூன்று. பக்கத்தில் ஐந்தேகால்.

தெருவில் கிரேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அண்ணி பின்னால் குனிந்தபடியே கேட்டாள். "என்ன சொல்லட்டும்?"

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். வெளியே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. யார்டுக்காரர் டீ டம்ளரை எடுத்து ஷெட் வாசலில் பத்திரமாக இறக்கி வைத்தார்.

"அளந்தாச்சுல்ல? விட்டுடவா?" என்றாள் அண்ணி.

வெல்டரின் விரல் இன்னும் அந்த எண்ணின் மேல் இருந்தது.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க அண்ணி."

அவள் கட்டைவிரலை அழுத்தினாள். டேப் இறுகி நின்றது.