ரிஃபாத்தின் மீசையும் ஷாஹிநாஸ் மாளிகையும்

ரமலான் பிறை தெரிந்ததோ இல்லையோ, ஷூப்ரா பேட்டையில் முஅல்லிம் ஸெய்ன்ஹுமின் காபிக்கடையில் சண்டை தெரிந்துவிட்டது. கடையில் இருப்பது ஒரே ஒரு டிவி. அந்த ரமலானுக்கென்று சேனல்கள் இறக்கியிருந்த தொடர்களோ கெய்ரோவின் தெருப் பூனைகளைவிட அதிகம். மாதம் முழுக்க எதைப் பார்ப்பது என்று முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கடை முடிவு செய்தாக வேண்டும். அதற்கப்புறம் மாற்றுவது கட்சி தாவுவதைவிடக் கேவலம்.

தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் வழக்கம்போல் ரிஃபாத் உட்கார்ந்திருந்தார். எடை, அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பார்வையிலேயே கள்ளத் தராசைக் கண்ணீர் விட வைத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். இப்போது எடை போட வேறெதுவும் அகப்படாததால் தொடர்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். எதுவும் தேறவில்லை.

அவருக்கு ஒரு மீசை உண்டு. கடைக்குள் முதலில் அது நுழையும், கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார். அந்த மீசைக்குத் தனி ரேஷன் கார்டு கேட்டிருந்தால் அரசாங்கம் மறுத்திருக்காது.

"‘கரும்பும் ரத்தமும்’ எப்படி?" என்று முஅல்லிம், அதாவது கடை முதலாளி ஸெய்ன்ஹும், ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"தெற்கத்தி ஆளுங்க நாலு பேர் கரும்புக் காட்டுக்குள்ள நின்னு, எங்க தாத்தாவைக் கொன்னது யாருன்னு கத்துறானுங்க. மாசம் பூரா கத்துவானுங்க. அந்தத் தாத்தாவே எந்திரிச்சு வந்து, போதும்டா நான்தான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுவாரு போல."

"அப்ப ‘புறாச் சந்து’?"

"ஹீரோ சட்டையக் கழட்டுறான். கேட்டா கோவமாம். அவன் தம்பி கழட்டுறான். கேட்டா துக்கமாம். வில்லன் வந்து எதுக்கும் இருக்கட்டும்னு அவனும் கழட்டுறான். இது நாடகமா, துணி துவைக்கிற எடமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷவ்கி செருமினான். ரிஃபாத்தின் மனைவிக்குத் தம்பி, ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். தொடர் என்று எது வந்தாலும் புகழ்வான். "மச்சான், ‘ஷாஹிநாஸ் மாளிகை’யப் போடச் சொல்லு. நேத்து ஒரு நொடி கண்ணை எடுக்கல நான். என்னா நடிப்பு! என்னா அழுகை!"

"அந்த மாளிகையா?" ரிஃபாத்தின் மீசை இரண்டு பக்கமும் விறைத்தது. "விளம்பரத்துலயே பார்த்துட்டேனே. புருஷன் செத்துக் கெடக்கான், இவ கண்ணுல மை கலையாம அழுவுறா. தூங்கி எந்திரிச்சாலும் உதட்டுச் சாயம், ஆஸ்பத்திரியிலயும் உதட்டுச் சாயம். கபர்க் குழியில வெச்சாலும் வானத்து மலக்குமாருங்க கேள்வி கேக்க வரும்போது, இருங்க சாயம் பூசிக்கிறேன்னுவா."

"பாக்காம பேசாத. ஒரு எபிசோட் பாரு, அப்புறம் பேசு."

"அந்தக் குப்பைல நான் ஒரு எபிசோட் பார்த்தேன்னு எவனாவது நிரூபிச்சா, இந்த மீசைய எடுத்துடுறேன். இதே கடை நடுவுல, பர்ஸூம் கையால!"

டோமினோ ஆடியவர்கள் கட்டையைக் கீழே வைத்தார்கள். மூலையில் சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாவிதர் பர்ஸூம், கசாப்புக்காரர் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் அந்த மீசையை இப்பக்கமிருந்து அப்பக்கம் வரை ஒருமுறை பார்த்தார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. மூன்று குப்பையில் சத்தம் அதிகமான குப்பை என்று ‘கரும்பும் ரத்தமும்’ தேர்வானது.

மறுநாளே ரிஃபாத் ‘ஷாஹிநாஸ் மாளிகை’யைப் பார்த்தார்.

அவர் மேல் பெரிய குற்றமில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கும் நோன்பு திறப்பதற்கும் நடுவில் ஒரு சேனல் முந்தைய இரவின் எபிசோடை மறுபடி போட்டது. மனைவி இன்ஸாஃப் திராட்சை இலைக்குள் அரிசி வைத்துச் சுருட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கிண்டல் செய்யலாமென்று ரிஃபாத் வாசலில் வந்து நின்றார். முதல் விளம்பரத்தில் சாய்ந்தார். இரண்டாவதில் உட்கார்ந்தார். மூன்றாவதில், "நடுவுல மறைக்காத" என்றார்.

அன்றிலிருந்து அஸர் தொழுததும், "கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். சின்ன டிவி அங்கே குடியேறிவிட்டது. ரசித்துப் பார்த்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். திட்டத்தான் பார்த்தார். தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் அந்த நேரத்தில், எவ்வளவு உள்ளே இறக்கினாலும் நோன்பு முறியாத ஒரே பொருள் இளக்காரம். மாளிகையில் அதற்குப் பஞ்சமே இல்லை. கோடீஸ்வரர் வீட்டில் ஒரே ஒரு பீங்கான் குவளை, அது எபிசோடுக்கு எபிசோடு உடைந்தது, மறுநாள் அதே மேஜையில் முழுசாக நின்றது. ஷாஹிநாஸின் மகன் அவளைவிட மூத்தவனாக இருந்தான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைப் பொத்தான் மேல் வைத்து, புற்றுநோய் என்றார்.

கொடுமை என்னவென்றால், இத்தனையையும் வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் மீசை போய்விடும். கடையில் ஷவ்கி தினமும் இரவு, "நேரமாச்சு, ஷாஹிநாஸ் காத்திருப்பா" என்று எழுந்து வீட்டுக்குப் போவான், மறுநாள் வந்து, "என்னா நடிப்பு! என்னா அழுகை!" என்பான். ரிஃபாத்துக்கு நாக்கு துடிக்கும். ஒருமுறை "அந்தப் பச்சை சோபா இருக்கே" என்று ஆரம்பித்துவிட்டு, எங்கள் வீட்டு சோபாவைச் சொன்னேன் என்று மழுப்ப வேண்டியதாயிற்று. அவர் வீட்டு சோபா சிவப்பு.

மாதம் பாதியைத் தாண்டியதும் ரிஃபாத் வீட்டில் நோன்பு திறக்கும் விருந்து வந்தது. ஷவ்கி, அவன் மனைவி நஜாத், அவர்கள் பெற்றது, பெற்றது பெற்றது எல்லாம் வந்தன. கீழ்த்தளத்து ஷேக் பஸ்யூனியையும் கூப்பிட்டிருந்தார்கள். வயது எண்பதைத் தாண்டியவர், நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விடாதவர். மேஜையில் வாத்து, இலைச் சுருள், பேரீச்சை, ஆப்ரிகாட் கரைத்த கமர்தீன் சர்பத். பூண்டு வதங்கும் வாசனையில் தெருவே கண்ணீர் விட்டது.

ரிஃபாத்துக்கு வேறு கவலை. முந்தைய நாள் ஷாஹிநாஸ் விஷப் புட்டியைக் கையில் எடுத்ததோடு தொடரும் போட்டுவிட்டார்கள். இன்றைக்குத்தான் மாமனாருக்கு ஊற்றுவாள். விருந்தாளிகளோ முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள். என்ன செய்வது? படுக்கையறை டிவியை மெல்லிய சத்தத்தில் விட்டு, கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்து, அதையொட்டித் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கையில் பேரீச்சம்பழம், கதவிடுக்கில் ஒரு கண், காது மாளிகையில்.

மாளிகையிலும் நோன்பு. அங்கேயும் மேஜை. அங்கேயும் கமர்தீன். டும் என்று, நோன்பு திறக்கும் நேரம் சொல்லும் பீரங்கி வெடித்தது. அதன் பின்னாலேயே மஃரிப் தொழுகைக்கான பாங்கு எழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், பாங்கு சொல்லியாச்சு!" என்றான் ஷவ்கி. என்றானா, அதற்குள் ஒரு கிளாஸ் கமர்தீன் அவன் தொண்டையைத் தாண்டியிருந்தது. மற்றவர்களின் கை கிளாஸை நோக்கி நீண்டது.

வெடித்தது ஸ்டுடியோ பீரங்கி என்பது அந்த அறையில் ரிஃபாத் ஒருவருக்குத்தான் தெரியும். வாய் திறந்தால் மீசை போகும். திறக்காவிட்டால்? எதிரே ஷேக் பஸ்யூனி நடுங்கும் கைகளால் கிளாஸை உதட்டுக்கு உயர்த்திக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் மீசை, மறு தட்டில் கிழவரின் ஆயுசு நோன்பு. எடை போட்டே வாழ்ந்த மனிதருக்கு அவ்வளவு கனமான தராசு அதுவரை வாய்த்ததில்லை.

"ஷேக்! வாய்ல வெக்காதீங்க!"

"ஏம்பா? பாங்கு சொல்லிட்டாங்களே."

"இன்னும் சொல்லல! யாரும் குடிக்காதீங்க!"

கைகள் அந்தரத்தில் நின்றன. அந்த அமைதியில் படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது: "குடிங்க மாமா. உங்களுக்குன்னே என் கையால கரைச்சேன்."

நஜாத் மார்பில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! உள்ள யாரு அது, பொம்பள?"

இன்ஸாஃப் வாத்தை மேஜையில் வைத்துவிட்டு, முகம் மாறாமல் சொன்னாள்: "ஷாஹிநாஸ். தினம் அஸருக்கு அப்புறம் வருவா. இவரு கதவச் சாத்திக்கிட்டு அவகூடத்தான் இருப்பாரு. நான் கண்டுக்கிறதில்ல."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஷவ்கி துள்ளி எழுந்தான். "மீசை! மச்சான், மீசை!"

"உக்காருப்பா," என்றார் ஷேக் பஸ்யூனி. "நீ குடிச்சிட்டியா?"

ஷவ்கி காலி கிளாஸைப் பார்த்தான். "...குடிச்சிட்டேன்."

"அப்ப உன் நோன்பு போச்சு. பெருநாள் முடிஞ்சு ஈடா ஒரு நாள் களா நோன்பு வெச்சுடு."

ரிஃபாத்தின் முகம் மெதுவாக மலர்ந்தது. கள்ள எடைக்கல்லைக் கையில் எடுத்த ஆய்வாளரின் மலர்ச்சி. "ஒரு நிமிஷம். இது நேத்து ராத்திரி போட்ட எபிசோட்தானே மச்சான். தினமும் ஒரு நொடி கண்ணை எடுக்காம பாக்குறேன்னு சொல்லுவியே. அதுல பீரங்கி வெடிக்குது, பாங்கு சொல்றாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

பதில் நஜாத்திடமிருந்து வந்தது. "இவரா பாக்குறாரு? மொதப் பாட்டு முடியறதுக்குள்ள குறட்டை விட்டுடுவாரு. காலைல நான்தான் கதை சொல்லி அனுப்பணும். நேத்து எனக்கும் தூக்கம் வந்துடுச்சு, அதான் சொல்லல."

அப்போதுதான் மெய்யான பீரங்கி வெடித்தது. தெருமுனைப் பள்ளிவாசலில் மெய்யான பாங்கு எழுந்தது. ஷேக் கிளாஸை எடுப்பதற்குமுன் ரிஃபாத்தைப் பார்த்து, "இது எந்த சேனல்ப்பா?" என்று கேட்டுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஷவ்கி மச்சானைப் பால்கனிக்கு ஓரம்கட்டினான். "இதோ பாரு. நீ பாக்கல, நான் தூங்கல. வெளிய யாருக்கும் தெரிய வேணாம். ஷேக்கையும் கேட்டுட்டேன், மீசை மேல பண்ற சத்தியம் மார்க்கத்துல கணக்குலயே வராதாம். நீ தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்."

நியாயமான பேரம்தான். ரிஃபாத் மீசையைத் தடவினார். அது பிழைத்துக்கொண்ட ஆட்டுக்குட்டிபோல் மெத்தென்றிருந்தது. தலையாட்டப் போனவருக்கு ஷாஹிநாஸ் நினைவுக்கு வந்தாள். இரண்டு கிளாஸில் ஒன்றில் விஷம் ஊற்றி, எது எதுவென்று ஒரு அடையாளம்கூட வைக்காமல் ஒரே தட்டில் வைத்து, நடனமாடுகிற மாதிரி குலுங்கக் குலுங்க எடுத்துக்கொண்டு வருகிறாள்! மாமனார் குடித்துவிட்டு, வசனம் முடியும்வரை சாகாமல் காத்திருக்கிறார்! இதை யாரிடம் சொல்வது? பெருநாள்வரை யாரிடமும் சொல்லக் கூடாது. பெருநாளுக்கு அப்புறமும் கூடாது. இவ்வளவு இளக்காரத்தை வாய்க்குள் அடைத்துப் பூட்டி, மேலே காவலுக்கு ஒரு மீசையை நிறுத்தி வைத்து ஒரு மனிதன் வாழ்வதா?

இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து கூட்டம் கடையில் நிறைந்தபோது ரிஃபாத் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "பர்ஸூம் அண்ணே, பெட்டிய எடுத்துட்டு வாங்க. நான் பார்த்துட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

பர்ஸூம் நுரையைக் குழைத்துக்கொண்டே கேட்டார்: "நல்லா யோசிச்சீங்களா உஸ்தாஸ்?"

"யோசிக்கிறவனா இருந்தா அந்தத் தொடரைப் பாப்பனா? எடுங்க."

மீசை விழுந்தது. கடை மொத்தமும் மௌத்து விழுந்த வீட்டில்போல் எழுந்து நின்றது. ரிஃபாத் வெறும் உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஸெய்ன்ஹுமைப் பார்த்தார். முகம் பாதியாகச் சுருங்கிவிட்டதே தவிர, குரலில் குறையில்லை. "முஅல்லிம், சேனல மாத்து. ஷாஹிநாஸ் போடு."

"குப்பைன்னீங்களே உஸ்தாஸ்?"

"குப்பைதான். ஆனா ‘கரும்பும் ரத்தமும்’ல ராத்திரி பூரா உக்காந்தாலும் ஒரே ஒரு திட்டுதான் தேறுது. அதையும் சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு. இதுல ஒரு காட்சிக்கு ஒம்பது தேறும். ரமலான்ல நேரத்த வீணாக்கக் கூடாது. மாத்து."

அதுவரை அந்தக் கடையில் யாரும் எந்தத் தொடருக்கும் இப்படி ஒரு காரணம் சொன்னதில்லை. ஸெய்ன்ஹும் மாற்றினான். பீங்கான் குவளை வந்ததும் ரிஃபாத் அதை அறிமுகப்படுத்தினார். மகன் வந்ததும் அவன் வயதைக் கேட்டார். டாக்டர் வருவதற்குள் கடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது; டோமினோக்காரர்கள் தாங்களாகவே திட்ட ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் கற்றுக்குட்டித் திட்டுகள். ரிஃபாத் பெருந்தன்மையோடு திருத்தினார்.

பக்கத்தில் ஷவ்கியின் தலை மெல்ல மார்பில் சாய்ந்தது. ரிஃபாத் முழங்கையால் அவன் விலாவில் ஓங்கி ஓர் இடி இடித்தார்.

"எந்திரி மச்சான். என்னா நடிப்பு பாரு, என்னா அழுகை பாரு."